புல்வெட்டி வண்டிகளின் பந்தயம்

மலேசியாவில் பள்ளித் திடலிலும் சாலையோரத்திலும் புல் வெட்டுவோரைக் காணாத மாணவர் இல்லை. தோளில் ஓர் இயந்திரம், கையில் நீண்ட குழாய், அதன் நுனியில் சுழலும் கத்தி, முகத்தை மறைக்க ஒரு துணி. வெயிலில் நின்றும் நடந்தும் செய்யும் கடும் வேலை அது. குளிர்நாடுகளின் புல்வெளி வேறு வகையானது. அங்கே வீட்டின் பின்புறத்திலும் ஊர்ப் பொதுத்திடலிலும் மென்மையான குட்டைப்புல் கம்பளம்போல் பரந்திருக்கும். பெரிய புல்வெளி உடையவர்கள் அதை வெட்டுவதற்கு, ஏறி அமர்ந்து ஓட்டக்கூடிய சிறு வண்டியை வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு அது குட்டி டிராக்டரைப் போலிருக்கும். நான்கு சக்கரம், ஓர் இருக்கை, வண்டியின் வயிற்றுக்கடியில் கத்தி. புல்லைச் சீராக வெட்ட வேண்டும் என்பதற்காகவே மெதுவாகச் செல்லும்படி செய்யப்பட்ட வண்டி அது. மெல்லோட்டம் ஓடுபவர் ஒருவர் அதை எளிதில் முந்திவிடலாம்.

இந்த வண்டிகளைக் கொண்டு பந்தயம் நடத்துகிறார்கள் என்று முதன்முறை கேள்விப்படுவோர் சிரிப்பர். ஆமை ஓட்டப் பந்தயம் என்று சொன்னால் எழும் சிரிப்பு போன்றது அது. ஆனால், இங்கிலாந்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பந்தயம் முறையாக நடந்து வருகிறது. அதற்கென ஒரு சங்கம் உண்டு, விதிப்புத்தகம் உண்டு, பருவத்துக்குப் பருவம் புள்ளிக் கணக்கு உண்டு. அந்த விதிப்புத்தகத்தை உற்றுப் பார்த்தால் சிரிப்பு சற்று அடங்கிவிடும். மோட்டார்ப் பந்தய உலகில் பணம் செய்துவிட்ட ஒரு வேலைக்கு எளிய மக்கள் கொடுத்த பதில் அது.

அந்த வேலை என்ன என்பதை அறிய, 1960களின் இறுதிக்குச் செல்ல வேண்டும். அதுவரை உலகப் புகழ்பெற்ற மகிழுந்துப் பந்தயங்களில் வண்டிகள் தத்தம் நாட்டின் நிறத்தைப் பூசிக்கொண்டு ஓடின. இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். 1968இல் லோட்டஸ் அணி தன் வண்டிக்கு ஒரு சிகரெட்டு நிறுவனத்தின் நிறங்களைப் பூசியது. அதன்பின் மற்ற அணிகளும் ஒவ்வொன்றாக விளம்பரப் பலகைகளாக மாறின. பணம் வந்தது, பணத்தோடு சிறந்த இயந்திரம் வந்தது, அந்த இயந்திரத்தை வெல்ல அதைவிட விலையுயர்ந்த இயந்திரம் தேவைப்பட்டது. உலகப் போட்டியில் மட்டுமன்று, ஊர்ப்புறத்தில் வார இறுதியில் நடக்கும் சிறு பந்தயங்களிலும் செலவு ஏறிக்கொண்டே போனது. திறமை இருந்தும் பணம் இல்லாதவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் 1973ஆம் ஆண்டு வருகிறது. இங்கிலாந்தின் தெற்கே வெஸ்ட் சசெக்ஸ் மாவட்டத்தில் விஸ்பரோ கிரீன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் விடுதி ஒன்றில் மோட்டார்ப் பந்தயப் பிரியர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் அயர்லாந்துக்காரரான ஜிம் கேவின். நெடுஞ்சாலைப் பந்தயங்களில் ஊறியவர். எல்லாரும் கலந்துகொள்ளக்கூடிய, அதிகச் செலவில்லாத மோட்டார் விளையாட்டு ஒன்று கிடைக்காதா என்பதே அவர்களுடைய பேச்சு. எதிரே ஊர்த்திடல். திடலில் ஒருவர் கிரிக்கெட் ஆடுகளத்தின் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த இயந்திரம் அவர்கள் கண்ணில் பட்டது. தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் கொட்டகையிலும் அப்படி ஒன்று இருக்கிறதே என்ற எண்ணம் எழுந்தது. ஊர்க்காரர் ஒருவரின் வயலில் முதல் பந்தயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 80 புல்வெட்டி இயந்திரங்கள் அங்கு வந்து சேர்ந்தன. சிற்றூர் ஒன்றில் நடந்த விளையாட்டுக்கு அது சிறிய எண்ணிக்கையன்று. வேலிக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த எண்ணிக்கையே காட்டியது.

அவ்வாறு பிறந்ததுதான் பிரிட்டிஷ் புல்வெட்டிப் பந்தயச் சங்கம். தொடக்கத்திலேயே அது சில தடைகளை வகுத்துக்கொண்டது. விளம்பர ஆதரவு கூடாது. வணிக நோக்கம் கூடாது. பணப்பரிசு கூடாது. இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது. போட்டிகளில் மிஞ்சும் பணம் அறப்பணிகளுக்குச் சென்றுவிடும். இந்தத் தடைகளில் முதல் மூன்றையும் எவரும் எளிதில் புரிந்துகொள்வர். பணம் உள்ளே வரும் கதவுகளை அவை அடைக்கின்றன. நான்காவதுதான் நுட்பமானது. பந்தயம் என்றால் வேகம். வேகம் என்றால் இயந்திரம். அந்த இயந்திரத்தையே தொடக்கூடாது என்றால் பந்தயத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்கத் தோன்றும்.

நிறையவே மிஞ்சுகிறது. கடையிலிருந்து வந்த வண்டி அப்படியே களத்தில் இறங்குவதில்லை. முதல் வேலையாகக் கத்திகளைக் கழற்றிவிட வேண்டும். இது மீறக்கூடாத விதி. வண்டி கவிழ்ந்தாலோ ஓட்டுநர் விழுந்தாலோ கத்தி என்ன செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன்பின் இயந்திரத்தைச் சுற்றியுள்ள மற்ற உறுப்புகளில் வேலை தொடங்குகிறது. சக்கர அச்சு வலுவாக்கப்படும். ஸ்டீரிங் மாற்றப்படும். நல்ல பிரேக் பொருத்தப்படும். உடற்சட்டம் தாழ்த்தப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கப்பி, வார், சங்கிலி, பல்சக்கரம் ஆகியவற்றின் அளவுகள் மாறும்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புல்வெட்டி இயந்திரம் பொதுவாக நிமிடத்துக்கு 3,600 சுற்று என்ற அளவில் சுழலும்படி கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அந்த 3,600 சுற்றுகள் நேரே சக்கரத்துக்குச் சென்றால் வண்டி பறந்துவிடும். உண்மையில் அப்படிப் பறப்பதற்கு வேண்டிய விசை அந்தச் சிறு இயந்திரத்திடம் இல்லை. ஆகவே, இடையில் உள்ள பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைக் குறைத்து அனுப்புகின்றன. இயந்திரம் 38 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்று அமைத்தால், நிமிடத்துக்குச் சக்கரம் 95 முறை சுழலும்; வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இது புல் வெட்டும் வேகம். அதே இயந்திரம் 3.8 முறை சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழலும்படி அமைத்தால், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டராகும். இயந்திரம் அதேதான். இடையில் உள்ளதுதான் மாறியது. சங்கத்தின் போட்டிகளில் விரைவான வண்டிகள் எட்டும் வேகமும் ஏறத்தாழ இந்த மணிக்கு 80 கிலோமீட்டர் அளவே.

அப்படியானால் எல்லாரும் 3.8 என்று அமைத்துவிட்டால் முடிந்துவிடாதா? முடியாது. வேகத்துக்கு ஏற்ப அமைத்த வண்டிக்கு இழுவை குறைந்துவிடும். வளைவில் வேகம் தணித்தபின் மீண்டும் வேகம் பிடிக்க அது திணறும். இழுவைக்கு ஏற்ப அமைத்த வண்டி வளைவிலிருந்து சட்டென்று கிளம்பும், நேர்ப்பாதையில் பின்தங்கிவிடும். அன்றைய வயல் எத்தகையது, வளைவு எத்தனை, மண் ஈரமா காய்ந்ததா என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதற்குப் பணப்பையின் உதவி அதிகம் கிடைப்பதில்லை. வயலைச் சுற்றி நடந்து பார்த்தவனுக்கும் சென்ற ஆண்டுத் தோல்வியை மறக்காதவனுக்கும் கிடைக்கும் உதவி அது. இயந்திரத்தைத் தொடாதே என்ற தடை வேலையைக் குறைக்கவில்லை. வேலையின் இடத்தை மாற்றியிருக்கிறது. பெரிய பட்டறையில் நடக்க வேண்டியதை அது தோட்டக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டது.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நெடுஞ்சாலையில் செல்லும் மகிழுந்துக்குச் சிறிய வேகம். புல்வெட்டி வண்டியில் அது அப்படியன்று. இந்த வண்டிக்கு அதிர்வைத் தாங்கும் வில் கிடையாது. வயலின் ஒவ்வொரு மேடும் ஓட்டுநரின் முதுகெலும்பில் நேரே வந்து இறங்கும். சக்கரங்கள் சிறியவை, அவற்றின் இடைவெளியும் குறுகியது, ஓட்டுநரோ வண்டிக்குள் அமராமல் வண்டியின் மேல் அமர்ந்திருக்கிறார். வளைவில் உடலை உட்புறமாகச் சாய்த்து எடையை மாற்றாவிட்டால் வண்டி கவிழும். இருக்கை வார் கிடையாது. அது மறதியால் விடுபட்டதன்று; கவிழும் வண்டியோடு கட்டப்பட்டிருப்பதைவிட அதிலிருந்து தூக்கி எறியப்படுவதே நல்லது என்பதால் விடப்பட்டது. ஓட்டுநரின் உடலோடு ஒரு கயிறு இணைக்கப்பட்டிருக்கும். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் உடனே நின்றுவிடும். தலைக்கவசமும் காப்புடையும் கட்டாயம். எனவே, இதைக் கோமாளி விளையாட்டு என்று சொல்வோர், அந்த இருக்கையில் ஒருமுறை அமர்ந்து ஒரு வளைவைக் கடந்து பார்த்துவிட்டுச் சொல்வது நியாயமாக இருக்கும்.

இந்த விளையாட்டின் பெரும்போட்டி 12 மணி நேரப் பந்தயம். 1978இல் அது தொடங்கியது. மாலையில் கிளம்பி, இரவெல்லாம் ஓடி, மறுநாள் காலையில் முடியும். ஓர் அணிக்கு மூன்று ஓட்டுநர்கள். மாறி மாறி ஓட்டுவார்கள். பிரான்சின் லெ மான் பந்தயத்தில் முற்காலத்தில் நடந்ததைப்போல, ஓட்டுநர்கள் களத்தின் குறுக்கே ஓடிவந்து வண்டியில் ஏறிக் கிளப்புவது வழக்கம். இருளில், தூசியில், சிறு விளக்கொளியில் அந்த வண்டிகள் வயலைச் சுற்றிச் சுற்றி வரும். விரைவாகச் செல்வதைவிட விடியும்வரை வண்டியை உடையாமல் வைத்திருப்பதே அங்கு அரிது. நள்ளிரவில் அறுந்த சங்கிலியைக் கைவிளக்கின் ஒளியில் மாற்றத் தெரிந்தவர் இல்லாத அணி, எவ்வளவு நல்ல ஓட்டுநரை வைத்திருந்தாலும் பயனில்லை.

அந்த வயலுக்கு வந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் வியப்பு ஏற்படும். சர் ஸ்டர்லிங் மோஸ் உலகத்தரப் பந்தயங்களில் 16 வெற்றிகளைப் பெற்றவர். 1962இல் குட்வுட் களத்தில் நேர்ந்த பெரும் விபத்துக்குப் பிறகு உச்சநிலைப் பந்தயங்களிலிருந்து விலகியவர். குட்வுட்டும் அதே வெஸ்ட் சசெக்ஸ் மாவட்டத்தில்தான் இருக்கிறது. டெரிக் பெல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். இவர்கள் இருவரும் புல்வெட்டி வண்டியில் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றிருக்கிறார்கள். திரைப்பட நடிகர் ஆலிவர் ரீடும் பலமுறை தம் அணியை அனுப்பினார். உலகின் மிக விலையுயர்ந்த வண்டிகளை ஓட்டியவர்கள், பணப்பரிசு இல்லாத இந்த வயலுக்கு ஏன் வந்தார்கள்? அங்கே பக்கத்து வண்டியில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம். அவரிடமும் ஏறத்தாழ அதே இயந்திரம்தான். புகழ்பெற்ற ஓட்டுநர் அங்கே தோற்றால் வண்டியைக் குறைசொல்ல வழியில்லை. வென்றால் அந்த வெற்றி முழுவதும் அவருடையது. பெரிய களங்களில் கோடிகள் கொடுத்தும் கிடைக்காத ஒன்று இது.

அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. அமெரிக்கப் புல்வெட்டிப் பந்தயச் சங்கம் 1992இல், ஏப்ரல் முட்டாள்கள் தினத்தை ஒட்டித் தொடங்கியது. எரிபொருள் கெட்டுப்போகாமல் காக்கும் திரவம் ஒன்றை விற்கும் நிறுவனம் அதற்குத் தொடக்கத்திலேயே ஆதரவு அளித்தது. இங்கிலாந்துச் சங்கம் மூடிய கதவு அங்கே திறந்தே இருந்தது. அமெரிக்கப் போட்டிகளில் பல பிரிவுகள் உண்டு. சில பிரிவுகளில் வண்டியைக் கடையில் வாங்கியபடியே ஓட்ட வேண்டும். வேறு சிலவற்றில் இயந்திரத்தையும் மாற்றலாம். இவற்றுள் வேகம் மிகுந்தவை மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்குகின்றன. இதைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு, அது ஏன் அவ்வளவுதான் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதிலும் கல்வி இருக்கிறது. தந்தையும் மகளும் ஒரே கொட்டகையில் கையெல்லாம் எண்ணெயாக அமர்ந்து கற்கும் கல்வி அது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் அனுமதித்த பிறகும், ஒன்றையும் மாற்றாத பிரிவை அவர்களால் கைவிட முடியவில்லை. புதிதாக வருபவர் நுழைவதற்கு அந்த வாசல்தான் இருக்கிறது.

வேகத்தை மட்டுமே நாடியவர்களின் கதை தனி. 2010ஆம் ஆண்டு மே மாதம், வேல்ஸ் நாட்டின் பெண்டைன் மணற்பரப்பில் டான் வேல்ஸ் என்பவர் புல்வெட்டி வண்டியை மணிக்கு 141 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதே மணலில் 1927இல் அவருடைய தாத்தா சர் மால்கம் கேம்பல் புளூபேர்ட் மகிழுந்தில் மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டி உலகச் சாதனை படைத்திருந்தார். தாய்மாமன் டொனால்டு கேம்பல் 1967இல் நீரில் சாதனை வேகத்துக்கு முயன்று உயிர்விட்டவர். அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் புல்வெட்டி வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறும்பும் இருக்கிறது, ஒரு மரியாதையும் இருக்கிறது.

அதன்பின் பெரிய நிறுவனங்கள் களமிறங்கின. 2014இல் ஹோண்டா நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி, 1,000 சிசி மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைச் சுமந்து ஸ்பெயினில் மணிக்கு 187 கிலோமீட்டரை எட்டியது. மறு ஆண்டு நார்வேயில் இன்னொரு வண்டி மணிக்கு 214 கிலோமீட்டரில் அதைத் தாண்டியது. 2019இல் ஹோண்டா மீண்டும் வந்தது. இம்முறை ஃபயர்பிளேடு மோட்டார் சைக்கிளின் இயந்திரம். ஜெர்மனியில் உள்ள லாவ்சிட்ஸ்ரிங் களத்தில் பந்தய ஓட்டுநர் ஜெஸ் ஹாக்கின்ஸ் அதை ஓட்டினார். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் வேகத்தை அவர் 6.285 விநாடியில் எட்டினார். அது கின்னஸ் சாதனையாயிற்று. அந்த வண்டி மணிக்கு 243 கிலோமீட்டர்வரை சென்றது.

ஹாக்கின்சின் துணிச்சல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவ்வளவு சிறிய சக்கரங்களின் மேல், அவ்வளவு குட்டையான வண்டியில் அந்த வேகத்தைத் தாங்குவது அரிய திறன். அதைச் செய்த பொறியாளர்களும் போற்றத்தக்கவர்களே. எனினும், அது புல்வெட்டிப் பந்தயம் ஆகிவிடுமா? பெயர் புல்வெட்டி, இயந்திரம் மோட்டார் சைக்கிளினுடையது, ஓடும் இடம் மகிழுந்துக்களம், செலவு செய்வது விளம்பரத்துறை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாதனைக்கு முயலும் வண்டி, புல்லை வெட்டவும் வல்லது என்று காட்ட வேண்டும். வயலில் ஓடும் உண்மையான பந்தய வண்டியோ கத்தியைக் கழற்றிவிட்டுத்தான் ஓடும். புல் வெட்டக்கூடியது புல்வெட்டியாக இல்லை. புல் வெட்ட முடியாததுதான் புல்வெட்டியாக இருக்கிறது.

இந்தச் சாதனைகளைப் பார்த்து, வயல் பந்தயத்திலும் இயந்திர விதியைத் தளர்த்தலாமே என்று கேட்போர் இருக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஐம்பது ஆண்டு நின்றுவிட்டது ஒரு விளையாட்டா என்பது அவர்கள் வாதமாக இருக்கும். தளர்த்தினால் நடக்கப்போவது என்ன என்பதை ஊகிக்கத் தேவையில்லை. 1968க்குப் பின் பெரிய களங்களில் நடந்ததைத் திருப்பிப் பார்த்தால் போதும். முதல் ஆண்டில் ஒருவர் வலிய இயந்திரம் கொண்டுவருவார். மறு ஆண்டில் அவரை வெல்ல விரும்பும் ஐவர் கொண்டுவருவர். மூன்றாம் ஆண்டில் பழைய இயந்திரத்தோடு வருபவர் கடைசி இடத்துக்காக ஓடிக்கொண்டிருப்பார். நான்காம் ஆண்டில் அவர் வரமாட்டார். வேகம் கூடியிருக்கும், ஆள் குறைந்திருக்கும். வேகமாக ஓட விரும்புவோருக்கு உலகில் வேறு நூறு களங்கள் இருக்கின்றன. வராமல் போன அந்த ஒருவருக்கு வேறு களம் இல்லை.

விதி இருப்பதாலேயே எல்லாம் சமமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. இயந்திரத்தில் செலவழிக்க முடியாதவர் அச்சிலும் சட்டத்திலும் செலவழிக்கலாம். நல்ல கருவிகளும் பற்றவைக்கும் திறனும் உள்ளவருக்கு எப்போதும் ஒரு படி முன்னிலை இருக்கும். முழுச் சமத்துவத்தை எந்த விதிப்புத்தகமும் தந்ததில்லை. ஆயினும் ஒருவர் ஆயிரம் மடங்கு செலவழித்தாலும் ஆயிரம் மடங்கு விரைவாகச் செல்ல முடியாதபடி அந்த ஒரு விதி தடுத்துவிடுகிறது. செலவழித்த பணத்துக்குப் பயன் குறையும் இடத்தில் செலவழிக்கும் ஆசையும் குறையும். பாடம் நடத்தாமலே மனிதரைத் திருத்தும் வழிகளில் இது ஒன்று எனலாம்.

இன்னொரு குறை கூறப்படுகிறது; அது இதைவிட வலுவானது. எங்கும் போய்ச் சேராமல் வயலைச் சுற்றிவர எரிபொருளை எரிப்பது தகுமா? சிறு பெட்ரோல் இயந்திரங்கள் தம் அளவுக்கு மிஞ்சிப் புகை கக்குபவை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்காகவே 2021இல் சட்டம் இயற்றி, 2024 முதல் புதிதாக வரும் புல்வெட்டி போன்ற சிறு இயந்திரங்கள் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. இந்தக் குறையைச் சிரித்துத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. பந்தயக்காரர் தரப்பில் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. அவர்கள் ஓட்டுபவற்றில் பல, பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள். உலகம் சுற்றிப் பந்தயம் நடத்தும் பெரிய அணிகள் தம் தளவாடங்களை வானூர்தியில் ஏற்றி அனுப்புவதோடு ஒப்பிட்டால், வெஸ்ட் சசெக்ஸ் வயலின் புகை சிறிது. சிறிது என்பதால் இல்லை என்றாகிவிடாது. ஆயினும் எதை முதலில் கேட்க வேண்டும் என்ற வரிசை ஒன்று இருக்கிறது.

மெய்யான சிக்கல் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. 1973இல் இந்த விளையாட்டு பிறந்ததற்குக் காரணம், பெட்ரோல் புல்வெட்டி வீட்டுக்கு வீடு இருந்ததுதான். இன்று கடைகளில் மின்கலத்தால் ஓடும் புல்வெட்டிகள் நிறைந்துவருகின்றன. ஆளே இல்லாமல் தானாகத் தோட்டத்தைச் சுற்றிவந்து புல் வெட்டும் சிறு கருவிகளும் பெருகிவிட்டன. அவற்றின் மேல் ஒரு பூனை அமரலாம், மனிதன் அமர முடியாது. பழைய பெட்ரோல் வண்டி அரும்பொருளாகிவிட்டால் அதன் விலை ஏறும். விலை ஏறினால், மலிவு என்று தொடங்கியது அந்த மலிவை இழந்துவிடும். அப்போது இயந்திரத்தைத் தொடாதே என்ற விதியை எழுத்து மாறாமல் காப்பதாலேயே அதன் நோக்கம் கெட்டுப்போகக்கூடும்.

மின் வண்டிகளை உள்ளே விடுவதுதான் முறை என்று தோன்றுகிறது. ஆனால், அதற்கான விதியை எழுதுவது எளிதன்று. பெட்ரோல் இயந்திரத்தை மாற்றினாரா இல்லையா என்பதைத் திறந்து பார்த்தால் அனுபவசாலி ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். மின் வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு சிறு மின்பலகை. அதனுள் யார் என்ன மாற்றினார் என்று வயலில் நின்றுகொண்டு எவ்வாறு பார்ப்பது? 12 மணி நேரப் பந்தயத்தில் மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வது? மாற்று மின்கலங்களை அடுக்கிவைக்க வசதி உள்ளவரே வெல்வார் என்றால், மூடிய கதவு பின்பக்கமாகத் திறந்துவிடும். ஓர் அணிக்கு இத்தனை மின்கலம்தான், அதுவும் கடையில் அந்த வண்டியோடு விற்கப்பட்டதுதான் என்று ஒரு வரம்பு தேவைப்படலாம். அந்த வரம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை மேசையில் அமர்ந்து தீர்மானிக்க முடியாது. அன்று விஸ்பரோ கிரீனில் செய்ததைப்போல, சன்னலுக்கு வெளியே புல்லை வெட்டிக்கொண்டிருப்பது எது, ஊரில் எத்தனை கொட்டகைகளில் அது இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.